ரெவிட்ல ஒண்ணு, ஆட்டோகேட்ல ஒண்ணு, சைட்ல இன்னொண்ணு

மூணாவது மாடி ஸ்லாப் போட்டு பன்னெண்டு நாள் ஆச்சு. பிளம்பர் போன் பண்றார், கீழ ரெண்டு மாடியில பாத்ரூம் ஷாஃப்ட் ஓப்பனிங் ஒண்ணரை அடி இருக்கு, மேல வந்தா ஒரு அடிதான் இருக்கு, நான் உள்ள எறங்கி பைப் மாட்டறது எப்படின்னு. போய்ப் பாத்தா அவர் சொன்னது சரிதான். சைட் இன்ஜினியர் கையில ரெண்டு பி.டி.எஃப் பிரின்ட், ரெண்டுலயும் ஆர்3னு (மூணாவது ரிவிஷன்) போட்டிருக்கு, ஒண்ணுல ஷாஃப்ட் 450 மில்லி, இன்னொண்ணுல 300. ரெண்டுமே டிராயிங் போட்டுத் தர்ற எங்க ஆஃபீஸ்லேர்ந்து போனதுதான். நானும் எங்க டிராஃப்ட்ஸ்மேனும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு நிக்க, மேஸ்திரி சொன்னார், "ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் மொதல்ல பேசி முடிச்சுக்கங்க, நான் போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்தர்றனுங்க."

எப்படி ஆச்சுன்னா, பில்டிங்கையே த்ரீடி மாடலா கட்டற சாஃப்ட்வேர் ரெவிட், கோடு கோடா வரையறது ஆட்டோகேட்; பிளான் எல்லாம் ரெவிட் மாடல்லேர்ந்து டி.டபிள்யூ.ஜியா (ஆட்டோகேட் ஃபைல்) எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பிட்டு இருந்தோம். பிளம்பிங் கன்சல்டன்ட் ஷாஃப்ட் அகலம் பத்தாது, 450 வேணும்னு ஒரு நாள் சாயங்காலம் சொன்னார். மறுநாள் காலைல டிராயிங் போகணும், மாடல் வேற ஒருத்தர் கிட்ட ஓடிட்டு இருந்துச்சு, டிராஃப்ட்ஸ்மேன் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலையே ஆட்டோகேட்ல திறந்து ரெண்டு கோட்டை இழுத்து 450 ஆக்கி அனுப்பிட்டார். ரெண்டு நிமிஷ வேலை. மாடல்ல அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டாச்சு, அந்த அப்புறம் வரவே இல்ல. ரெண்டு ஸ்லாப் அந்த டிராயிங்லயே நல்லபடியா போச்சு. அப்புறம் லிஃப்ட் லாபில ஒரு சின்ன மாற்றம், அதுக்காக நான் மாடல்லேர்ந்து மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணேன், அதே ஃபோல்டர், அதே ஃபைல் பேரு. அவர் இழுத்த ரெண்டு கோடு அதோட போச்சு. நாலு ஷாஃப்ட், நாலுலயும் அரை அடி ஸ்லாப்ப ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேட்டு கட்டர் வெச்சு அறுத்தோம். அந்தப் பக்கம் பீம் இல்லாதது எங்க நல்ல நேரம்.

இதுல சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல, டிராஃப்ட்ஸ்மேன் மேல மட்டும் தப்புன்னும் சொல்ல முடியாது. அந்த ஷாஃப்டோட அகலம் எந்த ஃபைலுக்குச் சொந்தம்னு நாங்க முடிவு பண்ணவே இல்ல, அவ்வளவுதான். சின்ன ஆஃபீஸ்ங்க ரெவிட் வாங்கின புதுசுல முக்கால்வாசி பேர் மாட்டறது இங்கதான்.

எல்லாத்தையும் ரெவிட்லயே பண்ண வேண்டியதுதானேன்னு கேக்கறவங்க ஊர் நெலவரம் தெரியாம கேக்கறாங்க. சர்வேயர் தர்றது கேட் (ஆட்டோகேட்) ஃபைல். ஸ்ட்ரக்சுரல், பிளம்பிங், எலக்ட்ரிக்கல் கன்சல்டன்ட்ங்க கிட்டேர்ந்து எங்களுக்கு வர்றது பெரும்பாலும் கேட் ஃபைல். அப்ரூவல் டிராயிங் போடறவர் கேட் தான் கேப்பார். ஆஃபீஸ்ல பதினஞ்சு வருஷமா சேத்து வெச்ச கதவு நெலவு டீட்டெயில், கைப்பிடி டீட்டெயில் எல்லாம் கேட்ல இருக்கு. ரெவிட் லைசென்ஸ் விலைக்கு நாலு சிஸ்டம்ல போடறதும் எங்க மாதிரி ஆறு பேர் ஆஃபீஸுக்கு கட்டுப்படியாகாது. அதனால ரெண்டையும் வெச்சுத்தான் ஓட்டணும்.

ரெண்டும் இன்னிக்கு ஆட்டோடெஸ்க்னு ஒரே கம்பெனி சரக்கு தான், ஆனா வேற வேற வயித்துல பொறந்தது. ஆட்டோகேட் 1982ல வந்தது, டிராயிங் போர்டுல பென்சில் பண்ணின வேலைய ஸ்கிரீனுக்குக் கொண்டு வந்தது. ரெவிட் 2000ல வேற ஒரு கம்பெனி வெளியிட்டு 2002ல ஆட்டோடெஸ்க் வாங்கினது. ஆட்டோகேட்ல சுவர்னா ரெண்டு கோடு, அதை சுவர்னு புரிஞ்சுக்கறது நம்ம கண்ணு. ரெவிட்ல சுவர்னா சுவர், அதுக்கு தடிமன் உண்டு, உயரம் உண்டு, அதுல ஒரு ஜன்னல் வெச்சா பிளான், செக்ஷன், எலிவேஷன், ஷெட்யூல் நாலுலயும் அது தானா வரும். அதை எக்ஸ்போர்ட் பண்ற நிமிஷம் அது மறுபடி வெறும் கோடு. அந்தக் கோட்டுல என்ன மாத்தினாலும் மாடலுக்குத் தெரியாது, தொப்புள் கொடி அறுந்தாச்சு.

அந்தக் கோர்ட்டு கச்சேரிக்கு அப்புறம் (கிளையன்ட் முன்னாடி நடந்த மீட்டிங்கை வேற என்னன்னு சொல்றது) நாங்க வெச்சுக்கிட்ட ஏற்பாடு இது. மாடல்லேர்ந்து எக்ஸ்போர்ட் ஆகற ஃபோல்டர்ல யாரும் கை வெக்கக் கூடாது. டிராஃப்ட்ஸ்மேன் தனியா ஒரு ஷீட் ஃபைல் திறந்து, எக்ஸ்போர்ட் ஃபைலை அதுல எக்ஸ்ரெஃபா (உள்ள சேக்காம, அடியில காட்டற மாதிரி மட்டும்) கூப்பிட்டு, மேல நோட்ஸ், டீட்டெயில் மார்க், டைட்டில் பிளாக் எல்லாம் போடுவார். மாடல் மாறினா நான் மறுபடி எக்ஸ்போர்ட் பண்ணுவேன், அடியில இருக்கற பிளான் மாறும், மேல அவர் எழுதினது அப்படியே நிக்கும். பில்டிங்ல ஏதாவது மாத்தணும்னா, ஒரு இன்ச்சா இருந்தாலும், மாடல்ல மாத்தித்தான் வரணும். ராத்திரி ஒன்பது மணிக்கு இது எரிச்சலா இருக்கும், எனக்கும் இருக்கும்.

அடுத்தது டைமென்ஷன். ஆட்டோகேட்ல ஒரு டைமென்ஷனை டபிள் கிளிக் பண்ணி உள்ள இருக்கற நம்பரை அழிச்சுட்டு நமக்குப் புடிச்ச நம்பரை அடிச்சுக்கலாம். கோடு 2985 இருக்கும், எழுத்து 3000னு சொல்லும். பாக்கறதுக்கு ரவுண்டா அழகா இருக்கும். ரெவிட்ல அளவுக்கு பதிலா வேற நம்பர் டைப் பண்ணா அது ஒத்துக்காது, எரர் காட்டி நிப்பாட்டிடும். எனக்கு அந்த சாஃப்ட்வேர் மேல மரியாதை வந்ததே அந்த இடத்துலதான். ஆனா எக்ஸ்போர்ட் பண்ணி கேட்டுக்கு வந்ததும் பழைய பழக்கம் திரும்பிடுது. எங்க ஆஃபீஸ்ல ஒரு தடவை ஒரு பிளான்ல மட்டும் பதினாலு டைமென்ஷன் இப்படி கையால அடிச்சது இருந்துச்சு, மொத்தத்தைக் கூட்டினா வெளி சுவர் அளவுக்கு 40 மில்லி ஒதைக்குது.

ஒதைக்கறதுக்கு இன்னொரு காரணம் நம்ம ஊரு அளவு. பேச்சுல எல்லாம் ஒன்பது இன்ச் சுவர், நாலரை இன்ச் சுவர், டிராயிங்ல 230, 115. ஒன்பது இன்ச்னா சரியா 228.6 மில்லி. ஒரு சுவருக்கு 1.4 மில்லி தானேன்னு தோணும். பழைய அடி-இன்ச் கேட் டிராயிங்கை அடியில வெச்சு ரெவிட்ல 230 சுவரை இழுத்துட்டே போனா ஆறாவது சுவர்ல எட்டு மில்லி தள்ளி நிக்கும், அப்புறம் ஸ்னாப் (கர்சர் பக்கத்துல இருக்கற கோட்டுல தானா ஒட்டறது) சில இடத்துல பழைய கோட்டைப் புடிக்கும், சில இடத்துல புது சுவரைப் புடிக்கும், 3047.6 மாதிரி நம்பரெல்லாம் வர ஆரம்பிக்கும், அதைப் பாத்துட்டு யாரோ ஒருத்தர் 3050னு கையால அடிப்பார். மேல சொன்ன கதை அங்கதான் ஆரம்பிக்குது. பூச்சுக்கு முன்னாடி 8 மில்லியெல்லாம் கொத்தனாருக்கு ஒரு விஷயமே இல்ல, நெஜம்தான். ஆனா கிச்சன் மாடுலர் பண்றவரும் ஜன்னல் ஃபேக்டரிக்காரரும் அந்த டிராயிங்கை நம்பித்தான் ஆர்டர் போடறாங்க. அதனால நாங்க முதல் நாளே கிரிட் லைனை (எல்லா அளவுக்கும் ஆதாரமான அச்சுக்கோடு) மட்டும் மில்லிமீட்டர்ல முடிவு பண்ணி, அதை ரெவிட்ல நகராம பின் பண்ணி, அதையே எல்லா கன்சல்டன்ட்டுக்கும் அனுப்பிடறோம். பழைய அடி-இன்ச் டிராயிங் ரெஃபரன்ஸுக்கு மட்டும், அதுக்கு ஸ்னாப் கிடையாது.

சர்வே டிராயிங் ஒரு தனி தலைவலி. டி.ஜி.பி.எஸ் (சாட்டிலைட் வெச்சு துல்லியமா அளக்கறது) சர்வே பண்ணித் தர்ற ஃபைல்ல பூமில இருக்கற நெஜ ஆயத்தொலைவு இருக்கும். கோயம்புத்தூர் பக்கம்னா கிழக்கு 7 லட்சத்து சொச்சம் மீட்டர், வடக்கு 12 லட்சத்து சொச்சம் மீட்டர். ஆட்டோகேட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. ரெவிட்டுக்கு அதோட உள் ஆரிஜின்லேர்ந்து (அதோட சொந்த 0,0 புள்ளி) சுமார் 16 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் தான் தோது, அதைத் தாண்டி பில்டிங் வரைஞ்சா கோடு நடுங்கும், ஹேட்ச் ஒடையும், ஸ்னாப் வேலை செய்யாது. இதுக்கு பயந்துட்டு நெறைய பேர் சர்வே டிராயிங்கையே மூவ் பண்ணி 0,0க்குக் கொண்டு வந்துடறாங்க, ரெண்டு மாசம் கழிச்சு சர்வேயர் புது ஃபைல் அனுப்புவார், அது எங்கயோ போய் உக்காரும், வடக்கு கூட திரும்பியிருக்கும். சர்வேய தொடாதீங்க. ரெவிட்ல சென்டர் டு சென்டரா லிங்க் பண்ணி, பில்டிங்கை நேரா வெச்சுட்டு லிங்கை அதுக்கு ஏத்த மாதிரி திருப்பி வெச்சு, அக்வயர் கோஆர்டினேட்ஸ் கொடுங்க, சர்வேயோட ஆயத்தொலைவை மாடல் எடுத்துக்கும். எக்ஸ்போர்ட் பண்றப்போ கோஆர்டினேட் ஷேர்டுனு இருக்கான்னு பாருங்க, டி.டபிள்யூ.ஜி தானா சர்வே மேல போய் உக்காரும்.

லிங்க் பண்றதுக்கு முன்னாடி கேட் ஃபைலை குளிப்பாட்டணும், அதைச் சோம்பேறித்தனம் பண்ணாதீங்க. பர்ஜ் (வேண்டாததை நீக்கறது), ஆடிட் (ஃபைல் பிழையைச் சரி பண்றது), ஓவர்கில் (ஒண்ணு மேல ஒண்ணு கெடக்கற கோட்டை அழிக்கறது), யூனிட் என்னன்னு செக், எங்கயோ மூலையில அனாதையா கெடக்கற ஒரு புள்ளியத் தேடி அழிக்கறது, ஏன்னா அந்த ஒரு புள்ளியால ஃபைலோட பரப்பு கிலோமீட்டர் கணக்குல நீளும். கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டருக்கு மேல இருக்கு, சர்வேல சில பாலிலைன் அந்த உயரத்தோடயே வரும், த்ரீடி வ்யூல பாத்தா நம்ம பில்டிங் கீழ கெடக்க காம்பவுண்டு சுவர் ஆகாசத்துல தொங்கும். கன்சல்டன்ட் ஃபைல் எல்லாம் இம்போர்ட் (மாடலுக்குள்ளயே சேக்கறது) வேண்டாம், லிங்க் (வெளியவே வெச்சு காட்டறது) மட்டும், அதுவும் அந்த ஒரு வ்யூல மட்டும் தெரியற மாதிரி கரண்ட் வ்யூ ஒன்லி டிக் பண்ணி. இம்போர்ட் பண்ணி எக்ஸ்ப்ளோட் பண்ணா (தனித்தனி கோடா பிரிச்சா) அந்த ஃபைல்ல இருக்கற லைன் பேட்டர்ன், டெக்ஸ்ட் ஸ்டைல் எல்லாம் மாடலுக்குள்ள குடியேறிடும், அப்புறம் துரத்தவே முடியாது.

எதை மாடல் பண்ணணும்ங்கறதுல எங்க ஆஃபீஸ்லயே சண்டை உண்டு. புதுசா காலேஜ் முடிச்சு வர்ற பசங்க கைப்பிடியோட ஸ்க்ரூ வரைக்கும் மாடல் பண்ணுவாங்க, ஃபைல் திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். என் கணக்கு, 1:20 ஸ்கேல் வரைக்கும் மாடல், அதுக்கு மேல கிட்டப் போய் பாக்கற டீட்டெயில் எல்லாம் கேட்ல, அந்த கேட் டீட்டெயிலை ரெவிட் டிராஃப்டிங் வ்யூல லிங்க் பண்ணிக்கலாம். தப்புன்னு சொல்றவங்க சொல்லட்டும்.

அப்ரூவல் தான் இதுல காசு விஷயம். தமிழ்நாட்டு 2019 கட்டட விதிகள்ல 18.30 மீட்டரைத் தாண்டினா ஹைரைஸ், அதோட செட்பேக் (சுத்தி விடற காலி இடம்), ஃபயர் எல்லாமே வேற. எங்க ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் நிக்கற பார்க்கிங் தளம்) பிளஸ் அஞ்சு பில்டிங் அப்ரூவல் செக்ஷன் கேட்ல 18.15. கார் பார்க்கிங்ல பீம் தலைல இடிக்குதுன்னு மாடல்ல ஸ்டில்ட் உயரத்தை 3 மீட்டர்லேர்ந்து 3.2 ஆக்கினோம், ரூஃப் லெவல் 18.35ல போய் நின்னுச்சு. மாடல்ல லெவல் தானா மாறி எல்லா செக்ஷன்லயும் காட்டினதால கண்ணுல பட்டுது, கேட்ல மட்டும் இருந்திருந்தா அந்த செக்ஷன் 18.15னே சாதிச்சிருக்கும், கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டுக்கு டேப் புடிக்கறப்போ தான் தெரிஞ்சிருக்கும், இ.பி. கனெக்ஷன் அதோட நின்னிருக்கும். பீம் ஆழத்தைக் கொறைச்சு பழைய உயரத்துக்கே வந்தோம். இப்போ அப்ரூவல் ஆன கேட் டிராயிங்கை மாடலுக்கு அடியில லிங்க் பண்ணி செவப்பு கலர்ல வெச்சிருக்கோம், எங்க வெலகினாலும் பல்லைக் காட்டும்.

வெர்ஷன் பத்தி ஒரே வரி: புது ரெவிட்ல சேவ் பண்ணினது பழசுல திறக்காது, கேட் மாதிரி பழைய ஃபார்மட்ல சேவ் ஆஸ் கெடையாது, அதனால பிராஜெக்ட் நடுவுல யாரும் அப்டேட் போடக் கூடாது.

அப்புறம் டைட்டில் பிளாக்ல ரிவிஷன் நம்பருக்குக் கீழ ஒரு சின்னக் கட்டம் சேத்தோம், இந்த ஷீட் எதுலேர்ந்து வந்தது, மாடல் எக்ஸ்போர்ட் ஆன தேதி என்ன. ஷாஃப்ட் அறுத்த அந்த சைட் இன்ஜினியர் இப்போ வாட்ஸ்அப்ல டிராயிங் வந்ததும் பிளானைப் பாக்கறதில்ல, அந்தக் கட்டத்தை ஜூம் பண்ணி, அது காலியா இருந்தா அப்படியே வட்டம் போட்டு எனக்குத் திருப்பி அனுப்பிடறார். போன வாரம் மட்டும் ரெண்டு தடவை.