கருதுகோள் கட்டணமா, பேச்சளவுத் தொகையா?

'பங்கேற்பாளர்களுக்குக் கருதுகோள் கட்டணம் வழங்கப்பட்டது.' நடத்தைப் பொருளியல் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை இதோடு மூன்றாவது முறை படித்துவிட்டேன். ஹைப்பதெடிகல் பேமென்ட் என்பதற்குத் தமிழாம்; அதாவது, சோதனையில் 'இவ்வளவு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்பதோடு சரி, பணம் தருவதில்லை. தராத பணத்தை எப்படி ஐயா வழங்கினார்கள்?

கிரேக்கத்தில் ஹைப்போ என்றால் கீழே, தீசிஸ் என்றால் வைப்பது. வாதத்துக்கு அடியில் வைக்கும் கல். கெடு 'கேடு' ஆனதுபோல் கொள் 'கோள்' ஆகி, ஹைப்பாதெசிஸுக்குக் கருதுகோள் என்ற அருமையான சொல் வந்தது. ஆனால் கருதுகோள் என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய கூற்று. தொகையில் சோதிக்க என்ன இருக்கிறது? கட்டணமோ நாம் கட்டுவது: மின்கட்டணம், பேருந்துக் கட்டணம். இங்கே பணம் சோதனைக்கு வந்து உட்கார்ந்தவருக்குப் போகிறது. இலங்கையில் புழங்கும் 'கொடுப்பனவு' எவ்வளவோ மேல்.

'போலிப் பணம்' இன்னும் மோசம், கள்ளநோட்டு மாதிரி ஒலிக்கிறது. பங்கேற்பவரை ஏமாற்றக் கூடாது என்பது பொருளியல் சோதனைகளில் எழுதாத சட்டம். 1979இல் வெளியான ஆய்வில் உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் கேட்டார்கள்: 80 விழுக்காடு வாய்ப்பில் 4,000 இஸ்ரேலியப் பவுண்டா, நிச்சயமாக 3,000ஆ? 80 விழுக்காட்டினர் 3,000 போதும் என்றார்கள். யாருக்கும் சல்லிக்காசு கிடையாது, கிடைக்கும் என்று யாரும் நம்பவுமில்லை. இதில் போலி எங்கே வந்தது?

நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. 'பத்தாயிரம் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்' என்கிறோமே, அந்த 'வை'யில் கிரேக்கனின் தீசிஸும் உட்கார்ந்திருக்கிறது! சரி, 'வைத்துக்கொண்ட தொகை' என்று எழுதினால் நாக்கு சுளுக்கும். அதனால் நான் பேச்சளவுத் தொகை என்கிறேன். எதிர்ப்பக்கம், கைக்கு வரும் தொகை. 'உண்மைப் பணம்' வேண்டாம், மற்றதைப் பொய்யாக்கிவிடும்.

பொருளியலாளர்கள் ஹோல்ட்டும் லாரியும் 2002இல் வெளியிட்ட ஆய்வை இந்தச் சொற்களில் எழுதிப் பாருங்கள். பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றிலும் ஆபத்து குறைந்த பந்தயமா, கூடிய பந்தயமா என்று தேர்ந்தெடுக்க வேண்டும்; பத்துமுகப் பகடையை உருட்டி ஒரு கேள்விக்கு மட்டும் பணம். தொகையை 20, 50, 90 மடங்கு ஏற்றினார்கள். பேச்சளவில் ஏற்றியபோது பதில்கள் பெரிதாக மாறவில்லை. கைக்கு வரும் என்றதும் பலர் பாதுகாப்பான பக்கம் ஒதுங்கினார்கள். ஆய்வின் உயிரே இந்த வேறுபாடுதான். நான் படித்த தமிழாக்கத்தில் இது 'கருதுகோள் கட்டண நிலையில் இடர்வெறுப்பு மாற்றமுறாமை காணப்பட்டது' என்று கிடக்கிறது. மொழிபெயர்த்தவரிடம் கேட்டால், 'அகராதியில் அப்படித்தானே இருக்கிறது' என்கிறார்.