இடைவேளைக்குப் பிறகு மாறிப்போன நோயாளி

தருமபுரியில் மனநல மருத்துவராகப் பணிபுரியும் நான், மனநோயை வைத்து எடுக்கப்படும் திகில் படங்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுவேன். அண்மையில் அப்படி ஒரு படத்தைத் தேடிப்போய்ப் பார்த்ததற்குக் காரணம், பென்னாகரம் பக்கத்திலிருந்து மகனை அழைத்து வந்த ஒரு தாய். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியுள்ளேன்.) இருபது வயதைத் தாண்டிய அந்தப் பையன் இரு காதுகளிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் வெளியே போனதும், அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சார், அந்தப் படத்துல வர்ற மாதிரி இவனும் ஒருநாள் யாரையாவது கொன்னுடுவானா?" வீட்டில் அரிவாள்மனையைக்கூட ஒளித்து வைத்திருந்தார்கள்.

அந்த வாரமே படத்தைப் பார்த்தேன். முதல் பாதி என்னை உலுக்கிவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. காதில் கேட்கும் குரல்களை அடக்குவதற்காக நாயகன் குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டு, தண்ணீர் விழும் சத்தத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும் காட்சியில் அரங்கமே அடங்கிப்போனது. வானொலியை உரக்க வைப்பது, காதில் பஞ்சை அடைப்பது என்று என் நோயாளிகள் அன்றாடம் செய்வதும் இதுதான். இல்லாத குரல் ஒருவருக்கு எவ்வளவு நிஜமாகக் கேட்கும் என்பதை நான் பல ஆண்டுகளாக உறவினர்களுக்கு விளக்கியும் முடியாததை, அந்த இயக்குநர் இரண்டே நிமிடத்தில் உணர்த்திவிட்டார்.

இடைவேளைக்குப் பிறகு வரும் திருப்பத்தில், நாயகனின் உயிர் நண்பன் என்று நாம் நம்பியவன் இல்லாத ஆள் என்றும், கொலைகளையெல்லாம் செய்தது நாயகனே என்றும் தெரிகிறது. ரசிகனாக நானும் திடுக்கிட்டேன், ஆனால் மருத்துவனாக மனம் கசந்தது. மனச்சிதைவு நோய் என்று தொடங்கிய கதை, சொல்லாமல் கொள்ளாமல் பிளவுபட்ட ஆளுமைக்குத் தாவிவிட்டது. இவை இரண்டும் வெவ்வேறு. ஒருவருக்குள் இன்னொருவர் குடியிருக்கும் கதையை 2005இல் வந்த 'சந்திரமுகி', 'அந்நியன்' ஆகிய படங்கள் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தன; ஆனால் மனச்சிதைவு நோயாளி வேறொருவராக மாறுவதில்லை. அவர் அவராகவே இருந்து, மற்றவருக்குக் கேட்காத குரலைக் கேட்கிறார், இல்லாத சதியை நம்புகிறார்.

உலக அளவில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சம் மக்கள் வாழ்ந்த நம் மாவட்டத்துக்கு அதே விகிதத்தைப் பொருத்தினால், சுமார் 5,000 பேர். இத்தனை பேர் கொலைகாரர்களாக இருந்தால் பாலக்கோட்டிலும் அரூரிலும் யாராவது நிம்மதியாகத் தூங்க முடியுமா? சிகிச்சை பெறாத நிலையில், குறிப்பாக மதுவும் சேரும்போது, சிலரிடம் வன்முறைக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆயினும் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடிபடுவதும் ஏமாற்றப்படுவதும் அவர்களுக்கே அதிகம் நேர்கின்றன.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். நாயகனைக் கட்டிலில் கட்டிவைத்து, அவன் விழித்திருக்கும்போதே தண்டனை போல மின்னதிர்ச்சி கொடுக்கிறார்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அச்சிகிச்சை அளிப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. இப்படிப்பட்ட காட்சியைப் பார்த்த குடும்பம் மருத்துவமனைப் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை. அந்தத் தாயும் ஏழெட்டு மாதம் கோயில், மந்திரிப்பு என்று அலைந்துவிட்டே வந்தார். நேரில் வரத் தயங்குபவர்கள் 14416 என்ற 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

"அவன் பயப்படுறாம்மா, பயமுறுத்தல" என்று அவரிடம் சொன்னேன். மாத்திரை தொடங்கிய ஆறாவது வாரம் வந்தபோது, பையனின் ஒரு காதில் மட்டும் பஞ்சு இருந்தது. என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு அந்தப் படத்தைப் போட்டுக்காட்ட நினைத்திருக்கிறேன், இடைவேளை வரை மட்டும்.