இறங்குவது எளிது, எழும்புவதே பாடு

நீரிலும் நிலத்திலும் இறங்கவல்ல சீனாவின் ஏஜி600 விமானத்துக்கு, அந்த வகை பறக்கத் தகுதியானது என்னும் வகைச் சான்றிதழை அந்நாட்டு வான்போக்குவரத்து ஆணையம் 2025 ஏப்ரலில் வழங்கிய செய்தி வந்தபோது, ஒரே காணொளியை நான்கு உறவினர்கள் எனக்கு அனுப்பிவைத்தார்கள். 60 டன் எடை, தீயணைக்க 12 டன் தண்ணீர், ஒரே நடையில் 50 பேரை மீட்கும் திறன் என்று எண்கள் அதில் வரிசையாக ஓடின. “இப்படி ஒன்று இருந்தால் கடலில் மாட்டிக்கொண்டவர்களை உடனே தூக்கி வந்துவிடலாமே?” என்று சின்ன மாமா கேட்டிருந்தார். வானூர்திப் பராமரிப்புப் பொறியாளராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் உழைத்தவன் நான். அதில் சில கோடைகள் தென் ஐரோப்பாவில் தீயணைப்பு விமானங்களோடு கழிந்தன. மாமாவுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுபோய்க் கட்டுரையாகிவிட்டது.

காணொளியின் எண்களில் தவறில்லை. ஆனால் இப்படிப்பட்ட நீர்நில விமானத்தை மதிப்பிட நாங்கள் முதலில் கேட்கும் எண் அதில் இல்லை. எத்தனை அடி அலையில் இறங்கிவிட்டு மறுபடி எழும்ப முடியும் என்பதே அந்த எண்.

1945 ஆகஸ்டு 2ஆம் தேதி, தாக்கி மூழ்கடிக்கப்பட்ட அமெரிக்கப் போர்க்கப்பல் இந்தியானாபொலிஸின் மாலுமிகள் பிலிப்பைன்ஸ் கடலில் நான்காம் நாளாக மிதந்துகொண்டிருந்தார்கள். திறந்த கடலில் இறங்கக் கூடாது என்ற நிலையாணையை மீறி, அட்ரியன் மார்க்ஸ் என்ற விமானி தம் காடலினா நீர்நில விமானத்தை ஏறத்தாழ 12 அடி அலைகளுக்கு நடுவே இறக்கி, 56 பேரை ஏற்றிக்கொண்டார். உள்ளே இடம் தீர்ந்ததும் மற்றவர்களை இறக்கைகளின் மேல் கிடத்திப் பாராசூட் கயிற்றால் கட்டிவைத்தார்கள். ரிவெட்டுகள் கழன்று, தகட்டு இணைப்புகள் பிளந்துபோன அந்த விமானம் அதன்பின் எழும்பவே இல்லை. இரவில் வந்துசேர்ந்த கப்பல்தான் அவர்களை ஏற்றிக்கொண்டது. விமானத்தை அங்கேயே மூழ்கடித்துவிட்டார்கள். அத்தனை உயிர்களைக் காத்த அந்தக் காடலினா, அன்று பார்த்தது ஒரு மிதவையின் வேலையைத்தான். (அதே காடலினா வகை விமானங்கள் போர்க்காலத்தில் நம் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படைக்காக நின்றிருந்தன என்பது சென்னைவாசிகள் பலருக்குத் தெரியாது.)

எழும்புவது ஏன் இவ்வளவு பாடு? விமானத்தின் அடிவயிற்றைக் கீழிருந்து பார்த்தால், நடுவுக்குச் சற்றுப் பின்னால் தகடு ஒரு படிக்கட்டு போல வெட்டி மேலேறுவது தெரியும். வேகமெடுக்கும்போது அந்தப் படிக்குப் பின்னே காற்றுப் புகுந்தால்தான் நீர் தன் பிடியை விடும். அதுவரை இயந்திரங்கள் முழு விசையில் நீரோடு மல்லுக்கட்ட வேண்டும். அமைதியான ஏரியில் இது சில நொடி வேலை. அலையுள்ள கடலிலோ, பறக்கும் வேகம் வருவதற்குள் ஒவ்வொரு அலையும் மூக்கைத் தூக்கிப் போட்டு அறையும். தெறிக்கும் நீர் புரொப்பெல்லர்களைத் தொடக் கூடாது என்பதற்காகவே இவ்வகை விமானங்களின் இயந்திரங்கள் தோளுக்கு மேலே உயர்த்தி வைக்கப்படுகின்றன.

ஜப்பானியர்கள் இதற்குக் கண்ட வழி, வேகத்தையே குறைத்துவிடுவது. நீர் அறையும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஆகவே பாதி வேகத்தில் தொட்டால் அந்த விசை கால்பங்காகிவிடும். ஷின்மைவா நிறுவனத்தின் யுஎஸ்-2 விமானத்தில், பறப்பதற்கான நான்கு இயந்திரங்கள் போக ஐந்தாவதாக ஒன்று உடலுக்குள் இருக்கிறது. இறக்கை மடல்கள் மீதும் வால் பரப்புகள் மீதும் காற்றைப் பீய்ச்சுவது மட்டுமே அதன் பணி. அந்தக் காற்றின் தயவால், மற்ற விமானங்கள் தாங்குவிசை இழந்து விழுந்துவிடக்கூடிய வேகத்திலும் அது மிதந்து வந்து, 3 மீட்டர் அலையில் இறங்கி, 300 மீட்டருக்கும் குறைவான ஓட்டத்தில் எழும்பிவிடுகிறது. 2013 ஜூனில், பசிபிக்கைக் கடக்கப் புறப்பட்ட பாய்மரப் படகொன்று ஜப்பான் கரையிலிருந்து ஏறத்தாழ 1,200 கி.மீ. தொலைவில் மூழ்கியபோது, அதிலிருந்த பார்வையற்ற மாலுமியையும் அவருடைய தோழரையும் மீட்டுக்கொண்டு வந்தது இந்த விமானம்தான். ஹெலிகாப்டர் எட்டாத, கப்பல் போய்ச்சேர நாட்கணக்காகும் இடம் அது. ஆனாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே யுஎஸ்-2கள் உள்ளன. இந்தியக் கடற்படைக்கு வாங்க ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சும் விலையில் தட்டி நின்றுபோயிற்று.

தீயணைப்பு இதிலிருந்து முற்றிலும் மாறுபட்ட தொழில். அங்கே ஒரே ஒருமுறை இறங்கினால் போதாது. ஒரு நாளில் பல பத்துத் தடவை நீரைத் தொட்டு எழ வேண்டும். கனடாவில் பிறந்த சிஎல்-415 இதற்கென்றே அமைந்தது. அது நீரில் நிற்பதே இல்லை. மணிக்கு ஏறத்தாழ 130 கி.மீ. வேகத்தில் நீர்ப்பரப்பை உரசி ஓடும்போது, படிக்குப் பின்னால் கீழிறங்கும் கையளவே உள்ள, நீர் முகக்கும் இரண்டு வாய்கள் வழியாக 12 நொடிகளில் 6,137 லிட்டர் உள்ளே ஏறிவிடும். பன்னிரண்டு நொடியில் ஆறு டன் கூடுகிறது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் முதுகில் ஒரு யானையை ஏற்றுவதற்குச் சமம். விமானி அதற்கேற்ப விசையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பிறகு மலை இடுக்கில், புகைக்கும் அனல்காற்றுக்கும் நடுவே, மர உச்சிக்கு 30 மீட்டர் மேலே பறந்து கொட்ட வேண்டும். 2023 ஜூலையில் கிரீஸின் எவியா தீவில் இதன் முன்னோடியான சிஎல்-215 ஒன்று நீரைக் கொட்டிய கையோடு விழுந்து, இரண்டு விமானிகளும் இறந்தார்கள்.

ஒரே விமானம் இரண்டு வேலையையும் செய்யட்டுமே என்பது திட்டமிடுவோரின் நியாயமான ஆசை. ஏஜி600, ரஷ்யாவின் பி-200 இரண்டும் அந்த ஆசையில் உருவானவை. ஆனால் மீட்புக்கு வேண்டியது நெடுந்தொலைவு எரிபொருளும் மெதுவான இறக்கமும். தீக்கு வேண்டியது பெரிய தொட்டியும் ஓயாத அடியைத் தாங்கும் உடலும். ஒன்றுக்குக் கொடுக்கும் எடையை மற்றொன்றிலிருந்துதான் எடுக்க முடியும். சீன விமானத்துக்குச் சொல்லப்படும் அலை வரம்பு 2 மீட்டர். புயலுக்கு மறுநாள் வங்கக் கடலை நேரில் பார்த்தவர்களுக்கு 2 மீட்டர் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் வேலை விமானம் திரும்பிய பிறகு தொடங்குகிறது. கடல்நீரைத் தொட்டு வந்த விமானத்தை அன்றே, உப்பு காய்வதற்குள், நன்னீரால் கழுவியாக வேண்டும். இயந்திரத்தின் உள்ளும் கழுவ வேண்டும். தவறினால் அலுமினியத் தகடும் எஃகுத் திருகும் சந்திக்கும் இடத்தில் சில வாரங்களில் வெள்ளைப் பொடி பூக்கும். விரலால் துடைத்தால் அடியில் குழி இருக்கும். அடிவயிற்று அறைகளில் தேங்கிய நீரை வடிக்க, ஒவ்வொரு அறைக்கும் ஒரு திருகு மூடி உண்டு. நான் வேலை செய்த ஓரிடத்தில், கழற்றிய மூடிகளை எண்ணிட்ட பலகையில் மாட்டிவைப்போம். ஒருநாள் அதிகாலை, மலையில் தீ எரிந்துகொண்டிருக்க, பலகையில் ஏழாம் கொக்கி காலியாக இருந்தது. விமானத்திலும் அந்த மூடி இல்லை. முக்கால் மணி நேரம் விமானத்தை நிறுத்திவைத்துத் தேடினோம். பயிற்சிக்கு வந்த பையனின் முழுக்கால் உடுப்புப் பையில், எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்தது. யாரும் அவனைத் திட்டவில்லை; அந்த ஓட்டையோடு போயிருந்தால் முதல் முகத்தலிலேயே அறை நிரம்பியிருக்கும் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

பொதுமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் அதைத்தான் மீறுகிறார்கள். 15 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி, நீர் முகந்து, மறுபடி அதே உயரத்துக்கு ஏற சிஎல்-415க்கு ஏறத்தாழ 1,340 மீட்டர் தடையற்ற நீர்ப்பரப்பு வேண்டும். படம்பிடிக்க நடு ஏரிக்குப் படகை ஓட்டிவரும் ஒருவர் அந்தப் பாதையையே மூடிவிடுகிறார். விமானம் தாழ வட்டமிடுவதைக் கண்டால், படகில் இருப்பவர்களும் நீந்துபவர்களும் பக்கத்துக் கரைக்கு ஒதுங்கி, நடுப்பரப்பைக் காலியாக்கிவிட வேண்டும். தீப்பற்றிய இடத்தருகே டிரோனைப் பறக்கவிடவே கூடாது. 2025 ஜனவரி 9ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் பெருந்தீயின்போது, கியூபெக்கிலிருந்து வந்திருந்த சிஎல்-415 ஒன்றின் இடது இறக்கையில் தனியார் டிரோன் ஒன்று மோதியது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கிவிட்டது. இறக்கையில் விழுந்த ஓட்டை ஏறத்தாழ 3 அங்குலத்துக்கு 6 அங்குலம். வீடுகள் எரிந்துகொண்டிருந்த அந்த நாட்களில், அதைச் சரிசெய்து முடிக்கும்வரை விமானம் ஹேங்கரில்தான் நின்றது.