காய்ச்சல் வருவதற்கு முந்திய இரவுகள்

2020 ஒக்டோபரில் இலங்கையின் மினுவாங்கொடையில் கொரோனாவின் இரண்டாம் அலை தொடங்கியபோது, கொழும்பிலும் கம்பஹாவிலும் கடை வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போயிருந்த தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர், நவம்பர் 14ஆம் திகதித் தீபாவளிக்கு முன்பாகவே லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு, திரும்பிவிட்டார்கள். அப்போது நுவரெலியா மாவட்ட வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் இருந்த என்னிடம், மகனைத் தனிமைப்படுத்தச் சொன்னதற்காக ஒரு தாய் கேட்டார்: “காச்சலே இல்லீங்களே ஐயா, இவன எதுக்கு ஒதுக்கி வைக்கணும்?” காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் நெற்றி வெப்பமானியைக் காட்டிப் பார்த்தே ஆட்களைத் தேயிலை மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, ஆகவே அவருடைய கேள்வியில் தவறில்லை. அன்று வரிசையில் நின்ற கூட்டத்துக்கு நடுவே நான் அரைகுறையாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

காய்ச்சலை உண்டாக்குவது வைரஸ் அன்று, நம் உடல். வைரஸ் நுழைந்த கலம் (செல்), தன்னுள் இருக்கக்கூடாத வடிவிலுள்ள ஆர்.என்.ஏ என்னும் மரபுச்செய்தி இழையைக் கண்டுகொண்டால், இன்டர்பெரோன் என்னும் புரதத்தை வெளிவிட்டு அயற்கலங்களை எச்சரிக்கிறது. 1957இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டறிந்த இப்புரதமே, வேறு சில சமிக்ஞைப் புரதங்களோடு சேர்ந்து, காய்ச்சலையும் உடல்வலியையும் கொண்டுவருகிறது. லயத்துக்குச் சிறுத்தை வரும்போது முதலில் குரைப்பது நாய். சிறுத்தை கவ்விச் செல்வதும் அந்த நாயைத்தான் என்பது தேயிலைக்கு நடுவே வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொரோனா வைரஸும் அப்படித்தான், எச்சரிக்கை எழுப்புவதை முதலில் அடக்கித் தொடங்குகிறது.

ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட அதன் ஆர்.என்.ஏ, பிரதி எடுக்கப்படும்போது இரட்டை இழையாகிறது. கலத்தின் காவற் புரதமான எம்.டி.ஏ.5 தேடுவது இந்த அடையாளத்தைத்தான். ஆகையால் வைரஸ், கலத்துக்குள் இருக்கும் சவ்வு வலையான அகமுதலுருச் சிறுவலையையே வளைத்து இரட்டைச் சுவர்ப் பைகளைக் கட்டிக்கொண்டு அவற்றுக்குள் பிரதியெடுக்கிறது. காட்டிக்கொடுக்கக்கூடிய துண்டுகளை வைரஸின் என்.எஸ்.பி.15 என்னும் நொதியம் நறுக்கிவிடுகிறது. அதன் இன்னொரு நொதியமான என்.எஸ்.பி.16, புரதம் செய்யும் கட்டளையைச் சுமக்கும் மனிதக் கலத்தின் தூது ஆர்.என்.ஏக்கு உள்ளது போன்ற தொப்பியை, கலம் தன்னுடையதென்று எண்ணும்படி, வைரஸின் ஆர்.என்.ஏ முனையிலும் பொருத்தி முடிக்கிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது என்.எஸ்.பி.1 என்னும் வைரஸ் புரதம். இது, புரதம் தொகுக்கும் இறைபோசோமின் சிறிய கூற்றில், தூது ஆர்.என்.ஏ நுழையும் வாயிலுக்குள் தன் வாலைச் செருகி அடைத்துவிடுகிறது. கலம் அபாயத்தை உணர்ந்து இன்டர்பெரோனுக்கான தூது ஆர்.என்.ஏயை எழுதி அனுப்பினாலும் அது புரதமாவது கடினம். வைரஸின் தூது ஆர்.என்.ஏக்களோ, தம் தொடக்கத்திலுள்ள ஒரு சிறு மடிப்பின் உதவியால் அந்தத் தடையைக் கடந்துவிடுகின்றன. தப்பித்தவறி அயற்கலமொன்றிலிருந்து எச்சரிக்கை வந்துசேர்ந்தாலும், ஓ.ஆர்.எப்.6 என்னும் வைரஸ் புரதம் கலத்தின் கருவிலுள்ள துளைகளைப் பற்றிக்கொண்டு, அச்செய்தியை உள்ளே எடுத்துச் செல்லும் ஸ்டாட்1 புரதத்தை வாசலிலேயே மறிக்கிறது.

இவையெல்லாம் சேர்ந்து எச்சரிக்கையைத் தாமதப்படுத்துகின்றன. அந்த இடைவெளியில் வைரஸ் பெருகுகிறது. அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாட்கள் முன்பிருந்தே அது பிறருக்குத் தொற்றக்கூடும். 10க்கு 12 அடிக் காம்பராவில் (அறையில்) ஆறேழு பேர் உறங்கும் லயத்தில், வெப்பமானி எதையும் காட்டாத அந்த இரண்டு இரவுகள் போதும்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடித்தால் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று பலர் சொன்னார்கள். குளிருக்கு அது இதமானது, நானும் குடிப்பவன்தான். ஆனால் இங்கே சிக்கல் சக்தியில் மட்டும் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், உயிராபத்தான கொவிட் நியுமோனியா கண்ட 987 பேரில் 101 பேரிடம், தம் இன்டர்பெரோனையே முடக்கும் பிறபொருளெதிரிகள் (ஆன்டிபாடிகள்) இருந்தன. அறிகுறியற்ற அல்லது இலேசான தொற்றுடைய 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் சொலிடாரிட்டி பரிசோதனை, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பின் இன்டர்பெரோன் பீட்டாவைக் கொடுத்தும் இறப்பு குறையவில்லை என்று காட்டியது. நுரையீரலில் அழற்சி மூண்ட பிறகு வந்துசேரும் எச்சரிக்கையால் பெரிய பயன் இல்லை.

இப்போதெல்லாம் இருமலோடு வருபவரிடம் காய்ச்சலைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பு, கடந்த ஐந்து நாட்களில் உங்கள் காம்பராவில் யார் யார் படுத்தார்கள் என்று கேட்கிறேன். வயதானவராக இருந்தால் விரலில் ஒட்சிசன் மானியை மாட்டிய பின்புதான் அந்தக் கேள்வியும்.