பையன்கள் ஒரு வரிசை, பொண்ணுங்க ஒரு வரிசை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆண், பெண் பேதம் பற்றிப் பேச்செடுத்தாலே, "எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒண்ணுதாங்க" என்று பதில் வரும். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால், பள்ளி ஆலோசகராக நான் அவர்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது வேறு சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. காலை வழிபாட்டுக்குத் தனித்தனி வரிசை. வருகைப் பதிவேட்டில் முதலில் பையன்கள் பெயர், அப்புறம் பெண்கள் பெயர். மேசை தூக்கப் பையன்கள், விருந்தினருக்குச் சந்தனத் தட்டு ஏந்தப் பெண்கள். "பொண்ணுங்க எவ்வளவு அமைதியா இருக்காங்க பாருங்கடா" என்று ஒரு அதட்டல்.

எல்லாவற்றையும் விட எனக்கு உறுத்துவது, சேட்டை செய்யும் பையனைப் பெண்கள் பக்கம் உட்காரவைக்கும் தண்டனை. வகுப்பே சிரிக்கும், அந்தப் பெண்களும் சேர்ந்துதான் சிரிப்பார்கள். தாங்கள் தினமும் உட்காரும் இடம்தான் இன்னொருவனுக்கு அவமானம் என்று அவர்களுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் புரிந்துவிடுகிறது.

வரிசை பிரிப்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்வேன். லேசி ஹில்லியர்ட், லின் லிபன் இருவரும் மழலையர் வகுப்புகளில் நடத்தியது. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் ஆண், பெண் என்று பிரித்து வரிசை நிறுத்தினார்கள், 'பையன்களே, பொண்ணுங்களே' என்றே அழைத்தார்கள். யார் உசத்தி என்றெல்லாம் எதுவும் பேசவில்லை, பிரித்தது மட்டும்தான். இரண்டே வாரத்தில் அந்தப் பிள்ளைகளிடம் 'இது பையன் வேலை, அது பொண்ணு வேலை' என்ற எண்ணம் கூடியது. எதிர்ப்பாலினப் பிள்ளைகளோடு விளையாடுவதும் குறைந்தது.

ஐந்திலிருந்து ஏழு வயதுவரை இந்த விதிகளைப் பிள்ளைகள் மிகக் கறாராகப் பிடித்துக்கொள்ளும் பருவம். 1983இல் கரோல் மார்ட்டினும் சார்லஸ் ஹால்வர்சனும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்குப் படங்களைக் காட்டி, ஒரு வாரம் கழித்து விசாரித்தார்கள். வழக்கத்துக்கு மாறான வேலையை ஒரு சிறுமி செய்வதாகப் பார்த்த படத்தை, சிறுவன் செய்ததாகப் பலர் நினைவில் மாற்றி வைத்திருந்தார்கள். சுவரில் பெண் விமானியின் படத்தை ஒட்டிவிட்டால் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். கேரளத்தின் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் 2024இல் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தது. நல்ல மாற்றம். ஆனால் அதை வைத்து, "யார் துருவுகிறார்? உங்கள் வீட்டில் யார்? உனக்குத் துருவத் தெரியுமா?" என்று பிள்ளைகளைப் பேசவைத்தால்தான் படம் உள்ளபடி மனதில் நிற்கும்.

பாராட்டும் விதத்தையும் கவனிக்க வேண்டும். பொதுத் தேர்வு முடிவு வந்தால் இங்கே ஆண்டுதோறும் மாணவிகள்தான் முன்னால் நிற்கிறார்கள். ஆனாலும் ஆசிரியர் அறையில், "அவன் மூளைக்காரன், உட்கார்ந்து படிச்சா எங்கேயோ போயிடுவான், அவ பாவம், விழுந்து விழுந்து படிக்கிறா" என்பார்கள். 2017இல் 'சயின்ஸ்' இதழில் லின் பியானும் அவருடைய குழுவினரும் எழுதிய ஆய்வு இங்கே பொருந்தும். ஐந்து வயதில் சிறுமிகளும் சிறுவர்களும் 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்றால் தங்கள் பாலினத்தவரையே காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் சிறுமிகளிடம் அது குறைந்துவிட்டது. அதே சிறுமிகள், நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்றும் நம்பினார்கள்! மதிப்பெண் வேறு, மூளை வேறு என்று அந்த வயதிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

வகுப்பில் செய்ய வேண்டியவை செலவில்லாதவை. வரிசையை உயரப்படியோ பிறந்த மாதப்படியோ நிறுத்தலாம். பதிவேட்டை மாற்ற முடியாவிட்டாலும் பெயர் கூப்பிடும் வரிசையை மாற்றலாம். மேசை தூக்குவது, கோலம் போடுவது எல்லாம் முறை வைத்து வரட்டும். 'இது பொண்ணுங்க விளையாட்டு' என்பது போன்ற கேலிக்குப் பதில் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். அறிவுரை கேட்டுத் தலையாட்டிய பிள்ளைக்கு, கேலி நடக்கும் நொடியில் வாயில் வார்த்தை வராது. "விளையாட்டு எல்லாருக்கும்தான், நீயும் வா" போன்ற ஒரு வரியை நடித்துப் பழகியிருந்தால் வரும்.

பெற்றோர் பக்கம்தான் கொஞ்சம் சிரமம். "மிஸ், பையன் சொப்புச் சாமான் வச்சே விளையாடுறான், கண்டிச்சு வைங்க" என்று ஓர் அப்பா வந்து நிற்பார். அவரிடம் பாலின சமத்துவம் பற்றிப் பாடம் நடத்தினால் அடுத்த முறை வரமாட்டார். சொப்பு விளையாட்டில் அவன் எண்ணுகிறான், பங்கு வைக்கிறான், நாலு பேரிடம் பேசுகிறான், பயப்பட இதில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புங்கள். முடிந்தால் வகுப்புக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அந்தப் பையனை எழுப்பி நிறுத்தி, "இவனைப் பாருங்க, எவ்வளவு வித்தியாசமானவன்" என்று கைதட்ட வைக்க வேண்டாம். அவன் பாட்டுக்கு விளையாடட்டும்.