தார்மீகம் என்னும் தலைவலி

போன வாரம் ஒரு வெளிநாட்டு விவாத நிகழ்ச்சி பார்த்தேன். கீழே தமிழில் ஓடியது: "மதம் இல்லாமல் தார்மீக மதிப்புகள் இருக்க முடியுமா?" எத்தனையாவது தடவையோ! பேசியவர் 'மாரல் வேல்யூஸ்' பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. தமிழுக்கு வந்ததும் 'பாலில்லாமல் தயிர் வருமா' என்பது போலாகி, பதிலும் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது.

'மாரல்' என்பதற்கு வேர் லத்தீன் 'மோரெஸ்': வழக்கங்கள், நடத்தை. கிரேக்க 'எதிகோஸ்' ('எதோஸ்', அதாவது குணம் சார்ந்தது) என்பதற்கு ஈடாக 'மொராலிஸ்' என்று சொல் படைத்தவர் ரோமானிய அறிஞர் சிசெரோ. கடவுள் இந்தக் கதையில் எங்குமே வரவில்லை.

சரி, தார்மீகம்? முதலில் அந்த நெடிலே தப்பு. 'தார்மிக' என்பதுதான் வடமொழி வடிவம். ஆன்மிகத்தை ஆன்மீகமாக்கிய அதே கை இங்கேயும் வேலை பார்த்திருக்கிறது. எழுத்துப்பிழையைக்கூட விட்டுவிடலாம், பொருளைத்தான் விட முடியவில்லை. தர்மம் என்றால் கடமை, சட்டம், ஈகை, மதம் எல்லாம்தான். ஹிந்தியில் மதத்துக்கே அதுதான் பெயர். 1976இல் 42ஆவது திருத்தம் அரசியலமைப்பின் முகவுரையில் 'செக்யூலர்' என்பதைச் சேர்த்தது. அதன் ஹிந்திப் பிரதியில் தர்மத்தைத் தொடாமல் 'பந்த்நிர்பேக்ஷ' ('பந்த்' என்றால் சமயப் பிரிவு) என்று எழுதினார்கள். தர்மம் சாராத அரசு என்று போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

இன்னும் பழைய சாட்சியும் உண்டு. 1958இல் கந்தஹாரில் கிடைத்த அசோகரின் கிரேக்க, அரமேயக் கல்வெட்டில் தம்மம் (தர்மத்தின் பிராகிருத வடிவம்) கிரேக்கத்தில் 'எவுசெபேயா' ஆகியிருக்கிறது. அதாவது பக்தி. அந்த மொழிபெயர்ப்பாளர் 'எதோஸ்' பக்கமே போகவில்லை. நம் ஆட்கள் அவரிடம் பாடம் கேட்கலாம்.

இது தூயதமிழ்ப் பிடிவாதம் இல்லை. தர்மசங்கடம், தர்ம அடி எல்லாம் நானும் சொல்பவன்தான். ஆனால் மதத்தையும் நன்னடத்தையையும் பிரித்து வைத்துப் பேச வேண்டிய இடத்தில், இரண்டையும் ஒட்டி வைத்திருக்கும் சொல் எதற்கு? அறம் இருக்கிறதே. "மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன்" என்ற இடத்தில் கோயிலும் இல்லை, சடங்கும் இல்லை. பரிமேலழகர் வந்து, அறமாவது மனு முதலிய நூல்களில் விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும் என்று வேலி போட்டார். அது அவர் உரை, குறளில் அந்த வேலி இல்லை. 'அறநிலையத் துறையில் சமயம் இருக்கிறதே' என்பார்கள். அங்கே அறம் என்பது கோயிலுக்கு எழுதி வைத்த கொடை.

வேரை மட்டும் பார்த்தால் ஒழுக்கம்தான் மோரெஸுக்கு இன்னும் நெருக்கம். ஒழுகுதல் என்றாலே நடந்துகொள்ளுதல். பாவம், அதைத் தலைமுடி வெட்டுக்கும் துப்பட்டாவுக்கும் சுருக்கிவிட்டோம். அப்புறம் அந்த 'மதிப்புகள்': மனைக்கும் நகைக்கும் போடுவது மதிப்பு. இங்கே விழுமியம் வேண்டும். அற விழுமியங்கள், அவ்வளவுதான்.

1956இல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பற்றி ஒருமுறை ஒரு பத்திரிகைக்கு எழுதினேன். 'அறப்பொறுப்பு' என்றுதான் எழுதி அனுப்பினேன். அச்சில் 'தார்மீகப் பொறுப்பு' என்று வந்தது, நெடிலோடு.