வெளியே மொறுமொறுன்னு இருந்தா உள்ளே வெந்துடுச்சுன்னு இல்ல

வயித்தால போகுது, குளிர் ஜுரம், வயிறு முறுக்கி வலிக்குதுன்னு வர்றவங்ககிட்ட, ரெண்டு மூணு நாளா என்ன சாப்பிட்டீங்கன்னு கண்டிப்பா கேப்பேன். சிக்கன்னு சொன்னா, வெந்திருந்துச்சான்னு கேப்பேன். "நல்லா செவந்திருந்துச்சு டாக்டர்"னுதான் பதில் வரும்.

செவந்தது மேல்பக்கம். ஒரு அம்மா ஃப்ரீசர்ல இருந்த லெக் பீஸை ஐஸ் முழுசா விடுறதுக்குள்ள எண்ணெய்ல போட்டிருக்காங்க, வெளியே மொறுமொறுன்னு ஆயிடுச்சு, கடிச்ச பையன் எலும்புகிட்ட ஜில்லுன்னு இருக்கும்மான்னு சொல்லியும் இருக்கான், மூணாவது நாள் அவனுக்கு ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதா போச்சு. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் மாதிரி கிருமிகளுக்கு அந்த ஜில்லுன்னு இருக்குற இடம் போதும்.

கலரை நம்பவே நம்பாதீங்க. முழுசா வெந்த கோழியிலயும் எலும்பு ஓரம் சிவப்பா தெரியலாம், அது மஜ்ஜையோட நிறம். அதே சமயம் கொத்துக்கறி சரியா வேகுறதுக்கு முன்னாடியே பழுப்பாயிடலாம்.

சமையல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க. கறியோட தடியான இடத்துல நடுவரைக்கும் குத்துங்க, எலும்புல பட்டா கணக்கு தப்பாகும். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வரணும். ஆடு, மாடு, பன்னி முழு துண்டா இருந்தா 63, அடுப்புல இருந்து எடுத்து 3 நிமிஷம் அப்படியே விடணும். அதையே கொத்துக்கறியா போட்டா 71, ஏன்னா மேல்பக்கம் இருந்த கிருமி அரைக்கும்போது உள்ளே எல்லாம் கலந்துடும். மீனுக்கு 63. முட்டைன்னா வெள்ளையும் மஞ்சளும் ரெண்டுமே கெட்டியாகணும், கர்ப்பிணிகள், சின்ன குழந்தைங்க, வயசானவங்களுக்கு ஆஃப் பாயில் வேண்டவே வேண்டாம், இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மிச்சம் இருந்தா 2 மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க, திரும்ப சுட வைக்கும்போது 74 வரைக்கும் கொண்டு வாங்க. ராத்திரி முழுக்க வெளியே இருந்த கறியை காலைல கொதிக்க வெச்சா சரியாயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, கிருமி செத்துடும்தான், ஆனா ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கிற கிருமி விட்டுட்டுப் போன விஷம் கொதிச்சாலும் போகாது. வாடை கூட வராது, அதனால வாயில வெச்சு பாத்து முடிவு பண்ணாம கொட்டிடுங்க.